போவதா? இருப்பதா?

 

இந்த மாதம் கொஞ்சம் கசப்பான மருந்தைக் கையில் எடுத்திருக்கிறேன். சபைப் பத்திரிகையில் சபையை விட்டுப் போவதைப் பற்றி எழுதுவார்களா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு, செருப்பைப் போடாமல் வாசலிலேயே தயங்கி நிற்கிற சிலரை எனக்குத் தெரியும். "பாஸ்டர், எங்க சொந்தக்காரங்க போற கூட்டத்துல அற்புதம் நடக்குது, தீர்க்கதரிசனம் சொல்றாங்க, அழுது ஜெபிக்கிறாங்க. ஆனா ஏதோ ஒண்ணு சரியில்லன்னு அவங்க மனசு சொல்லுதாம். வெளியே வரவும் பயம், உள்ளே இருக்கவும் பயம். அவங்க என்ன செய்யணும்?" என்று மெதுவாகக் கேட்பார்கள். கேட்கிறவர் சொந்தக்காரரைப் பற்றித்தான் கேட்கிறாரா, தன்னைப் பற்றிக் கேட்கிறாரா என்று நான் விசாரிப்பதில்லை. தேவன் அறிவார்.

பிரியமானவர்களே, இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. ஒரு உண்மைச் சம்பவத்தை வைத்துக்கொண்டு வேத வெளிச்சத்தில் யோசிப்போம்.

1978 நவம்பர் 18

தென் அமெரிக்காவின் வடகரையில் கயானா என்று ஒரு சிறிய தேசம் உண்டு. கரும்புத் தோட்ட வேலைக்காக நம் முன்னோர்களில் சிலரும் கப்பலேறிப் போன தேசம் அது. அதன் அடர்ந்த காட்டுக்குள் ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பு இருந்தது. ஜிம் ஜோன்ஸ் என்பவன் அமெரிக்காவிலிருந்து தன் 'பீப்பிள்ஸ் டெம்பிள்' சபையாரை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் குடியேற்றினான். பாலும் தேனும் ஓடுகிற தேசம் என்ற நம்பிக்கையோடு போனார்கள்.

1978 நவம்பர் 18 சாயங்காலம், அந்த இடத்தில் 909 பேர் மாண்டுபோனார்கள். திராட்சை ருசியுள்ள பானத்தில் சயனைடு விஷத்தைக் கலந்து கொடுத்தார்கள். முதலில் யாருக்குத் தெரியுமா? குழந்தைகளுக்கு! செத்தவர்களில் 300 பேருக்கு மேல் பிள்ளைகள். சுற்றிலும் ஆயுதம் பிடித்த காவலாளிகள். உலகம் அதைத் 'தற்கொலை' என்று எழுதிற்று. பால்குடிக்கிற பிள்ளை தற்கொலை செய்துகொள்ளுமா? கொல்லப்பட்டார்கள் ஐயா, கொல்லப்பட்டார்கள்.

அதே நாளில் சற்றுமுன், அருகிலிருந்த போர்ட் கைட்டுமா விமானத் தளத்தில் அமெரிக்கப் பாராளுமன்ற அங்கத்தினர் லியோ ரயன் உட்பட 5 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குடியிருப்பில் ஜனங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று உறவினர்கள் கண்ணீரோடு முறையிட்டதால் விசாரிக்க வந்தவர் அவர். "எங்களை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்ற கருத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒரு நிருபர் கையில் இரகசியமாகக் கொடுக்கப்பட்டது. அதன்பின் சிலர் துணிந்து அவரோடு புறப்பட்டார்கள். புறப்பட்டவர்கள் மேல்தான் துப்பாக்கி திரும்பிற்று.

ஆரம்பம் எப்படி இருந்தது?

"அவங்க நமக்கு என்ன சம்பந்தம்? அது ஏதோ துர்உபதேசக் கூட்டம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஆரம்பத்தை கவனியுங்கள்.

ஜிம் ஜோன்ஸ் 1950களில் இண்டியானாபொலிஸ் பட்டணத்தில் ஊழியம் ஆரம்பித்தபோது, நம்முடைய கூட்டங்களைப் போலத்தான் இருந்தது. கை தட்டிப் பாட்டு, வியாதியஸ்தருக்காக ஜெபம், வெளிப்பாடு எல்லாம் உண்டு. 1956ல் அந்தப் பட்டணத்தின் கேடில் கூடாரத்தில் அவன் நடத்திய பெரிய கூட்டத்தில், அந்நாளில் பிரசித்திபெற்ற சுகமளிக்கும் ஊழியர் வில்லியம் பிரான்ஹாம் வந்து பிரசங்கித்தார்.

அது மட்டுமா? வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பெஞ்சில் உட்காராத காலத்தில் அவன் சபையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு கறுப்பினக் குழந்தையைத் தன் பிள்ளையாகத் தத்தெடுத்தான். பசித்தவர்களுக்கு இலவச சாப்பாடு போட்டான். ஆதரவற்ற முதியோருக்கு விடுதி நடத்தினான். 1965ல் கலிபோர்னியாவுக்குப் போன பிறகு போதைக்கு அடிமையான வாலிபரைத் தூக்கிவிட்டான். 1976ல் சான் பிரான்சிஸ்கோ நகர வீட்டுவசதி ஆணையத்தில் அவனுக்குப் பதவியே கொடுத்தார்கள். பெரிய மனுஷர் எல்லாம் மேடையில் அவனோடு நின்றார்கள்.

ஆகவே, அங்கே போனவர்கள் முட்டாள்கள் என்று நினைக்காதேயுங்கள். நீதி வேண்டும், அன்பு வேண்டும் என்று தேடிப்போன நல்ல ஜனங்கள் அவர்கள். நம்மைப்போல் ஜெபித்தவர்கள். இதுதான் என்னைத் தூங்கவிடாத காரியம்.

கயிறு எப்படி இறுகிற்று?

ஒரே நாளில் யாரும் விஷத்தைக் குடிப்பதில்லை. படிப்படியாகத்தான் கயிறு இறுகுகிறது.

முதலில் அற்புதம். 'புற்றுநோய்க் கட்டி விழுந்துவிட்டது' என்று கூட்டத்தில் எடுத்துக் காட்டினார்கள். அது கோழியின் ஈரல் முதலான உள்ளுறுப்புகள் என்று பின்பு வெளியே வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். தீர்க்கதரிசனமோ, ஆட்களை அனுப்பி வீடுகளில் விசாரித்து, குப்பையைக் கூடக் கிளறி எடுத்த தகவல்!

அடுத்தது வேதம். வேதத்தில் பிழை உண்டென்று ஒரு கைப்பிரதியே எழுதினான். பிரசங்க மேடையிலிருந்து வேதபுஸ்தகத்தைத் தரையில் எறிந்தான். தேவனுடைய இடத்தில் தானே ஏறி உட்கார்ந்தான். பெரியவர், சிறியவர் எல்லாரும் அவனை 'அப்பா' என்று அழைத்தார்கள்.

அதன்பின் பணம். தசமபாகம் போதவில்லை, நாலில் ஒரு பங்கு. பிறகு சம்பளம் முழுவதும், வீடு, நிலம், கிழவிகளின் பென்ஷன் வரைக்கும். கடைசியில் காட்டில் ஜனங்கள் சோறும் குழம்புமாய்க் காலந்தள்ளியபோது, சபையின் பேரில் ஒரு கோடி டாலருக்கு மேல் சொத்து இருந்தது!

கடைசியாக வாசல். காட்டுக்குப் போனவுடன் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள். பகலெல்லாம் வயல் வேலை, ஒலிபெருக்கியில் ஓயாமல் அவன் சத்தம், இரவில் நெடுநேரக் கூட்டம். தூக்கமில்லாத மனுஷன் யோசிப்பானா? விஷம் குடிக்க ஒத்திகையும் நடந்தது. 'விசுவாசத்தைச் சோதித்தேன்' என்றான்.

நாலு திறந்த காரியங்கள்

சகோதரனே, சகோதரியே! நீ இருக்கிற கூட்டம் எப்படிப்பட்டதென்று அறிய நான் நாலு கேள்வி தருகிறேன். இதை உன் பாஸ்டரிடத்தில் பிரயோகித்துப் பார். என்னிடத்திலும் பிரயோகித்துப் பார். நான் கோபித்துக்கொண்டால் நீ யோசிக்கவேண்டும்!

1. வேதம் திறந்திருக்கிறதா? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதை அப்படியே விழுங்கவில்லை. தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். பவுல் "என்னையே சோதிக்கிறீர்களா?" என்று சீறினாரா? இல்லை, அவர்களை நற்குணமுள்ளவர்கள் என்றே லூக்கா எழுதி வைத்தார் (அப். 17). உபாகமம் 13ஐ எடுத்துப் படியுங்கள். ஒருவன் சொன்ன அடையாளம் பலித்தாலும், அவன் உன்னைக் கர்த்தரைவிட்டு வேறு பக்கம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. அப்படியானால் 'நடந்துச்சே, நடந்துச்சே' என்பது மட்டும் போதாது! நடந்தது உன்னை யாரிடத்தில் கொண்டுபோகிறது என்று பார்.

2. கணக்கு திறந்திருக்கிறதா? சாமுவேல் வயதுசென்ற காலத்தில் ஜனங்களுக்கு முன்பாக நின்று, "நான் யாருடைய மாட்டை எடுத்தேன், சொல்லுங்கள்" என்று தானே கேட்டான் (1 சாமு. 12). அனனியா சப்பீராளைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிப்பதில்லை. நிலம் விற்குமுன்னும் உன்னுடையது, விற்றபின்னும் பணம் உன் அதிகாரத்தில்தான் இருந்தது என்று பேதுரு தெளிவாகச் சொன்னார் (அப். 5). அனனியா தண்டனை அடைந்தது கொடுக்காததினால் அல்ல, பொய் சொன்னதினால்! வற்புறுத்தி வாங்குகிறதற்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை.

3. வாய் திறந்திருக்கிறதா? ஜோன்ஸ்டவுனின் கடைசிக் கூட்டம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அதில் கிறிஸ்டீன் மில்லர் என்ற மூத்த சகோதரி ஒருத்தி மாத்திரம் எழுந்து பேசினாள். வேறு வழி இல்லையா என்று கேட்டாள். குழந்தைகள் வாழவேண்டியவர்கள் என்று வாதாடினாள். அவளை அடக்கினது யார் தெரியுமா? கூடியிருந்த ஜனங்களே! அவள் பேசப்பேச மற்றவர்கள் கூச்சலிட்டு அமர்த்தினார்கள். அன்றைக்கு இன்னும் ஐம்பது பேர் அவளோடு எழுந்து நின்றிருந்தால்! கேள்வி கேட்கிறவனைப் பிசாசு பிடித்தவன் என்று சொல்லுகிற இடத்தில், போதகர் மட்டுமல்ல, தலையாட்டுகிற நாமும் கணக்குக் கொடுக்கவேண்டும்.

4. வாசல் திறந்திருக்கிறதா? யோவான் 6ம் அதிகாரத்தில் அநேக சீஷர்கள் ஆண்டவரைவிட்டுப் பின்வாங்கிப் போனார்கள். அப்போது அவர் என்ன செய்தார்? வாசலை அடைத்தாரா? சபித்தாரா? பன்னிருவரையும் பார்த்து, உங்களுக்கும் போக விருப்பமா என்று கேட்டார்! அல்லேலூயா! என் ஆண்டவர் ஒருவரையும் பூட்டி வைக்கிறவர் அல்ல. வாசல் விரியத் திறந்திருக்கும்போதே, வேறு எங்கே போவோம் என்று பேதுரு சொன்னானே, அதற்குத்தான் விசுவாசம் என்று பேர். பூட்டின வீட்டுக்குள் இருக்கிறவன் விசுவாசி அல்ல, கைதி.

சங்கிலியாக மாறின வசனங்கள்

உங்களைக் கட்டி வைப்பதற்கு மூன்று வேதபகுதிகளைத்தான் அதிகமாக எடுப்பார்கள். ஆகையால் அவைகளின் உண்மை அர்த்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாது என்ற 105ம் சங்கீதம். அது யாருக்குச் சொல்லப்பட்டது? ராஜாக்களுக்கு! யாருக்காக? கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் ஊர் ஊராய்த் திரிந்த ஆபிரகாமின் குடும்பத்துக்காக! பலவானிடமிருந்து எளியவனைக் காப்பாற்றத் தேவன் சொன்ன வார்த்தையை எடுத்து, எளியவன் வாயை அடைக்கப் பலவான் பயன்படுத்துகிறான். எவ்வளவு பெரிய அநியாயம்!

இரண்டு, தாவீது சவுலின்மேல் கை போடவில்லை என்பது. ஆமென், போடவில்லை. ஆனால் சவுல் ஈட்டியை எறிந்தபோது, 'இது என் தலைவர் எறிந்த ஈட்டி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று தாவீது நின்றுகொண்டிருந்தானா? விலகினான். தப்பினான். ஜன்னல் வழியாய் இறங்கி ஓடினான் (1 சாமு. 19). பழிவாங்காமல் இருப்பது ஒன்று, ஈட்டிக்கு முன்னே நிற்பது வேறொன்று. முந்தினது பரிசுத்தம், பிந்தினது தேவன் கேளாத பலி.

மூன்று, கோராகின் கூட்டம். கேள்வி கேட்டால் பூமி பிளக்கும் என்பார்கள். எண்ணாகமம் 16ல் அந்த நாளில் மோசே என்ன சொன்னான் என்று பாருங்கள். இவர்களிடத்தில் ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஒருவனுக்கும் பொல்லாப்புச் செய்யவில்லை என்று தேவனுக்கு முன்பாகச் சொன்னான். அந்த வார்த்தையைச் சொல்லக்கூடியவன் மாத்திரமே மோசேயின் நாற்காலியில் உட்காரலாம்.

என் அக்காவும் போஸ்ட் கார்டும்

இது எனக்குப் புஸ்தகத்தில் படித்த காரியம் மட்டும் அல்ல. என் கூடப்பிறந்த அக்கா ஒரு கூட்டத்தில் பதினொரு வருஷம் இருந்தார்கள். அதன் பேரை இங்கே எழுதவில்லை. போனபோது நல்ல வாஞ்சையோடுதான் போனார்கள். கொஞ்ச நாளில் காதில் கழுத்தில் இருந்தது கட்டட நிதிக்குப் போயிற்று. அப்புறம் அத்தானுடைய சம்பளம். அப்புறம் நாங்கள் 'உலகத்தார்' ஆகிப்போனோம். அம்மா கண்மூடினபோது தந்தி கொடுத்தோம். அனுமதி கிடைக்கவில்லை என்று அக்கா வரவேயில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்த என் அப்பாவின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அப்பா அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. மாதம் ஒரு போஸ்ட் கார்டு எழுதச் சொன்னார், நான் எழுதினேன். "உறைக்குள்ள போட்டாலும் பிரிச்சுத்தான் பாப்பாங்க, கார்டுலயே எழுது" என்பார். உபதேச வாக்குவாதம் ஒரு வரியும் எழுதக்கூடாது. மாடு கன்று போட்டது, கொல்லைச்சுவர் மழையில் இடிந்தது, சின்னவனுக்குப் பல் விழுந்தது, இதெல்லாந்தான். கடைசியில் மாத்திரம், "உன் அறை அப்படியே இருக்கிறது" என்று ஒரு வரி. பதில் வராது. அடுத்த மாதம் மறுபடியும் எழுதுவோம்.

பதினோராம் வருஷம் ஒரு விடியற்காலம், கையில் ஒரு துணிப்பையும் பக்கத்தில் மகளுமாக அக்கா வந்து நின்றார்கள். மகளுக்குப் பதினேழு வயது. அவளுக்குக் கேளாமலே மாப்பிள்ளை குறித்துவிட்டார்களாம். அப்பா ஒரே வார்த்தைதான் கேட்டார்: "சாப்பிட்டியாம்மா?" அக்கா பிற்பாடு சொன்னார்கள்: "வெளியே போனா பிள்ளை செத்துப்போகும்னு சொல்லியிருந்தாங்க. ராத்திரி பூரா பயம். ஆனா அந்தக் கார்டுல இருந்த கடைசி வரி மட்டும் ஞாபகத்துல நின்னுச்சு. போக ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சதாலதான் காலை எடுத்து வெச்சேன்." பிள்ளை சாகவில்லை. இன்றைக்கு அவள் ஒரு ஸ்கூல் டீச்சர். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அத்தான் மட்டும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அவருக்கு இப்போது அக்கா எழுதுகிறார்கள்.

சண்டை போட்டு வெளியே வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு

ஒரு நிமிஷம், ஒரு எச்சரிப்பும் சொல்லவேண்டும். இதைப் படித்துவிட்டு, "போன வாரம் என்னைப் பாடக் கூப்பிடல, அதனால நான் வெளியேறுகிறேன்" என்று யாரும் என்னிடத்தில் வராதீர்கள்! பாஸ்டர் பாவத்தைக் கண்டித்தார், உட்கார இடம் கிடைக்கவில்லை, பிரசங்கம் நீளமாயிருந்தது, எனக்குப் பொறுப்புக் கொடுக்கவில்லை என்று சபை சபையாய்த் தாவுகிறவர்களுக்கு நான் எழுதவில்லை. கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. கண்டிக்கிற தகப்பன் காரணத்தைச் சொல்லுவான். நீ அழுதால் அவனுக்கும் கண் கலங்கும். உன்னைத் தனியே அழைத்துப் பேசுவான். கொடுமை செய்கிறவனோ எல்லாருக்கும் முன்பாக உன்னை அவமானப்படுத்தி, நீ பணிவதில் இன்பம் காண்பான். பீப்பிள்ஸ் டெம்பிளில் ஒரு குடும்பத்தின் டீன் ஏஜ் மகளைக் கூட்டத்துக்கு முன்பாகப் பலகையால் 75 அடி அடித்தார்கள். அந்தக் குடும்பம் 1975ல் வெளியேறிற்று. அது பொறுமை காட்டவேண்டிய வேளை அல்ல, புறப்படவேண்டிய வேளை.

குறை இல்லாத சபை இல்லை. ஆனால் வேதமும், கணக்கும், வாயும், வாசலும் திறந்திருந்தால், குறையோடும் நிலைத்திரு. ஜெபித்து, பேசி, சீர்ப்படுத்து. நாலும் அடைபட்டிருந்தால், அங்கே இருப்பதற்கு உண்மை என்று பேர் வைக்காதே. உன்னோடு உன் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள்.

எப்படிப் புறப்படுவது?

ஜோன்ஸ்டவுனில் அந்தக் கடைசி நாள் காலையிலேயே 11 பேர், வனபோஜனத்துக்குப் போகிறோம் என்ற சாக்கில் காட்டுக்குள் நடந்தார்கள். அவர்களில் 21 வயது இளம் தாய் ஒருத்தி தன் 3 வயது மகனைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாள். அவள் புருஷனோ அந்தக் காவலாளிகளின் தலைவரில் ஒருவன்! ஏறக்குறைய 30 மைல் நடந்து மேத்யூஸ் ரிட்ஜ் என்ற ஊரைச் சேர்ந்தார்கள், பிழைத்தார்கள். சாயங்காலம் என்ன நடக்கப்போகிறதென்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் காலையிலேயே புறப்பட்டார்கள். தேவ பிள்ளையே, உள்ளத்தில் உணர்த்துதல் வரும்போது சாயங்காலம் வரைக்கும் காத்திராதே.

புறப்படுகிறவர்களுக்குச் சில காரியங்கள்: வெளியே இருக்கிற ஒருவருக்காவது முன்னதாகச் சொல்லி வையுங்கள். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட், வீட்டுப் பத்திரம் இவைகளை எந்த ஊழியக்காரர் கையிலும் கொடுக்காதேயுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதேயுங்கள். அந்த அமெரிக்கக் கூட்டத்திலும் வெறும் தாளிலும் பொய்யான பாவ அறிக்கையிலும் கையெழுத்து வாங்கி வைத்துத்தான் ஜனங்களைப் பயமுறுத்தினார்கள். அடி, மிரட்டல், பெண்பிள்ளைகளிடம் தகாத நடத்தை இருந்தால் போலீசில் சொல்லுங்கள். அது சபைக்கு விரோதமான பாவம் அல்ல. வெளியே வந்த பிறகு உடனே இன்னொரு மேடைக்கு ஓடாதேயுங்கள். கொஞ்ச நாள் தூங்குங்கள், வீட்டில் வேதத்தை நிதானமாய் வாசியுங்கள், அழவேண்டுமானால் அழுங்கள்.

வெளியே இருக்கிற நமக்கும் ஒரு வார்த்தை. வந்தவர்களிடம் "நாங்க அப்பவே சொன்னோமே" என்று ஒருநாளும் சொல்லாதேயுங்கள். சாட்சி சொல்ல மேடையில் ஏற்றி வேடிக்கை காட்டாதேயுங்கள். ஜோன்ஸ்டவுனில் அந்த இரவு கூட்டத்துக்குப் போகாமல் தன் அறையிலேயே படுத்திருந்த ஹயசிந்த் த்ராஷ் என்ற முதிய தாயார் உயிர் தப்பினார்கள். காலையில் எழுந்து பார்த்தபோது கூடவந்த சொந்தத் தங்கை உட்பட எல்லாரும் மரித்துக் கிடந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நம் விளக்கம் தேவையில்லை. ஒரு பாயும், ஒரு தட்டுச் சோறும், காது கொடுத்துக் கேட்கிற ஒரு ஆளும் தேவை.

வெளியே தள்ளப்பட்டவனைத் தேடி வந்தவர்

"சபையை விட்டா ஆவியானவர் என்னை விட்டுப் போயிடுவாரோ?" என்ற பயம் உனக்கு இருக்கிறதா? யோவான் 9ம் அதிகாரத்தைத் திறந்து பார். பிறவிக் குருடன் பார்வையடைந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னான். மதத்தலைவர்கள் அவனைத் திட்டி, ஜெப ஆலயத்துக்குப் புறம்பே தள்ளினார்கள். பெற்றோரே பயந்து ஒதுங்கிவிட்டார்கள். பாவம், பார்வை கிடைத்த முதல் நாளிலேயே போக்கிடம் இல்லாமல் தெருவில் நின்றான்.

அடுத்த வசனத்தில் என்ன இருக்கிறது? அவனைத் தள்ளிவிட்டார்கள் என்று இயேசு கேள்விப்பட்டார். கேள்விப்பட்டு, அவனைக் கண்டுபிடித்தார்! அல்லேலூயா! ஜெப ஆலயத்துக்குள் இருந்தவர்கள் இயேசுவை இழந்தார்கள். தெருவில் நின்றவன் அவரைப் பணிந்துகொண்டான். அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் அவர் தம்மை நல்ல மேய்ப்பன் என்றும் வாசல் என்றும் சொல்லுகிறார். அந்த வாசல் வழியாய் ஆடு உள்ளே போகலாம், வெளியே வரலாம், மேய்ச்சலைக் கண்டடையலாம். ஆண்டவர் வைத்த வாசல் இருபுறமும் திறக்கும்.

இந்த வரிகளை ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிற என் அருமைச் சகோதரியே, உன் பேர் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஜெபிப்போமா?

அன்பின் பரம பிதாவே, பயத்தினால் கட்டப்பட்டிருக்கிற உம்முடைய பிள்ளைகளைக் கண்ணோக்கிப் பாரும். உம்முடைய பேரைச் சொல்லி யார் அவர்களைப் பூட்டி வைத்தாலும் அந்தப் பூட்டைத் திறந்தருளும். நல்ல சபையில் இருக்கிறவர்கள் நன்றியோடு நிலைத்திருக்கவும், போகவேண்டியவர்கள் பிள்ளைகளோடு பத்திரமாய்ப் புறப்படவும் கிருபை தாரும். ஊழியக்காரராகிய எங்களுக்கு உம்முடைய பயத்தைத் தாரும், ஆடுகள் எங்களுடையவை அல்ல என்று நாங்கள் மறவாதிருக்கச் செய்யும். வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கிற வீடுகளாய் எங்கள் வீடுகளை மாற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.